வண்டி ஓட்டிய பையனுக்காக: ஓசூர் மாநகராட்சிக்கும் கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி மேயர், ஆணையர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், முதன்மைக் கல்வி அலுவலர் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஓசூரில் பதினோரு வருடமாகக் கணினி சொல்லிக் கொடுத்து வருகிறேன். காலையில் டேலி, டைப்பிங். சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள். மளிகைக் கடை ஒன்றின் மாடியில் ஒரே அறை, ஆறு பழைய கம்ப்யூட்டர்கள். உங்களில் யாருக்கும் என்னைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு பையனைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். அப்போது அவனுக்கு வயது பதினேழு. சட்டப்படி சொல்லக் கூடாது, எனக்கும் மனம் வராது.

அன்று ஆறரை மணி வகுப்பில் அவன் போன் அதிர்ந்தது. வாசல் வரை போய்ப் பேசிவிட்டு வந்தான். "பத்து நிமிஷத்துல வந்துர்றேன் மிஸ்" என்றான். நோட்டைக்கூட மூடவில்லை, பேனாவை அதன் நடுவிலேயே வைத்துவிட்டுப் போனான். வரவில்லை. அவன் ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவனிடம் செய்தித்தாளில் சுற்றிய அரிவாள் இருந்திருக்கிறது. வெட்டுப்பட்ட பையன் பிழைத்துக்கொண்டான். வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது. சண்டை எதற்கு என்று விசாரித்தால், ஒரு ரீல்ஸுக்குக் கீழே யாரோ போட்ட கமெண்ட். அந்தக் கமெண்டைப் போட்டவனும் வண்டி ஓட்டியவனும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே கிடையாது.

பல மாதம் கழித்து அவனைச் சந்தித்தேன். ஆள் பாதியாக இளைத்திருந்தான். திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. "எதுக்குடா போன?" என்று மட்டும் கேட்டேன்.

"கூப்பிட்டான் மிஸ். போனேன்."

"அரிவாள் இருந்தது தெரியுமா?"

"வண்டி எடுத்தப்புறம்தான் தெரியும்."

"அப்பவே ஓரமா நிறுத்தியிருக்கலாமே?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "நிறுத்தலாம்னு தோணவே இல்ல மிஸ்" என்றான்.

பொய் சொல்லவில்லை. எனக்கு அவனை ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். நிறுத்துவது தப்பு என்றோ பயம் என்றோ அவன் சொல்லவில்லை. அப்படி ஒரு வழி இருப்பதே அந்த ஏழெட்டு நிமிடத்தில் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் நாம் செய்யாமல் விட்டது என்ன என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் வகுப்பில் ஒரு சின்ன வேலையையும் செய்து பார்த்தேன். அதைச் சொல்லி, உங்களிடம் சிலவற்றைக் கேட்கப் போகிறேன்.

முதலில் ஒன்று. கேமரா வைப்பதையோ ரோந்து போவதையோ நான் குறை சொல்லவில்லை. எங்கள் தெரு முனையில் கேமரா வந்த பிறகு நகை பறிப்பு குறைந்ததாக அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் நிம்மதியாக நடக்கிறேன். ஆனால் கேமரா பார்ப்பது கத்தி வெளியே வந்த பிறகு நடப்பதை. போன் வந்ததற்கும் வண்டி கிளம்பியதற்கும் நடுவில் அந்தப் பையன் தலைக்குள் என்ன ஓடியது என்பதை எந்தக் கேமராவும் பிடிக்காது. அங்கே போகக் கதையால் முடியும்.

நம் ஊரை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பில் 1,16,821 பேர் இருந்த நகராட்சி, 2019-ல் மாநகராட்சி ஆனது. இப்போது 45 வார்டு. சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் நெருக்கியடித்து இருக்கிறார்கள். அப்பா ஒரு ஷிப்டு, அம்மா ஒரு ஷிப்டு. நாலரைக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளை ராத்திரி ஒன்பது வரை தனியாக இருக்கிறான், கூடவே போன் இருக்கிறது. ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி எல்லாம் கேட்கும். அது இந்த ஊருக்கு அழகு. ஆனால் பதினாறு வயதுப் பையனுக்கு "நம்ம ஆளு, அவனுங்க ஆளு" என்று பிரித்துப் பார்க்கவும் அதுவே சாக்காகிவிடுகிறது. அப்புறம் சாதி. கமெண்டில் சாதி நேராக வராது. ஒரு எமோஜியாக, கையில் கட்டும் ஒரு கயிற்றின் நிறமாக, ஒரு பாட்டு வரியாக வரும். பிள்ளைகளுக்கு உடனே புரியும், நமக்குத்தான் புரியாது.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் பதினான்கு பிள்ளைகள். எட்டுப் பையன்கள், ஆறு பெண்கள். முதல் நாள் கம்ப்யூட்டரையே திறக்கவில்லை. இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, "முப்பது செகண்ட். அவங்க கையிலிருந்து பழத்தை எடு" என்றேன். அவ்வளவுதான், அறை போர்க்களம் ஆகிவிட்டது. விரலைப் பிரித்தார்கள், மணிக்கட்டை முறுக்கினார்கள், ஒருத்தி கிச்சுகிச்சு மூட்டினாள். மூன்று பழம் நசுங்கி, அறை முழுக்க எலுமிச்சை வாசனை. முடிந்ததும் கேட்டேன்: "யாராவது 'குடு'ன்னு கேட்டீங்களா?" ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒருவன், "கேட்டா குடுப்பானா மிஸ்?" என்றான். எதிரில் இருந்தவன் சிவந்துபோன கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா, எனக்கெதுக்கு எலுமிச்சம்பழம்?"

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நடத்தும் ஒரு பயிற்சியில் இதையே பந்தை வைத்துச் செய்கிறார்கள். கோபம் வரும்போது சட்டென்று கை நீளும். அந்தச் சட்டென்று என்பதைக் கொஞ்சம் மெதுவாக்கக் கற்றுக் கொடுப்பதுதான் அந்தப் பயிற்சி. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதில் சேர்ந்த பையன்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டு 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயிற்சி நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 45 முதல் 50 சதவீதம் வரை குறைந்திருந்தது. யாருக்கும் நீதி போதனை சொல்லவில்லை. நின்று யோசிக்கப் பழக்கினார்கள், அவ்வளவே.

இரண்டாம் வாரம் கதைக்கு வந்தோம். கிழித்துப் போட்ட தினசரி நாள்காட்டித் தாள்களை ஒரு கட்டாகக் கொண்டு வரச் சொன்னேன். தாளின் பின்பக்கத்தில் ஒரு காட்சி எழுத வேண்டும். கடைசியில் இரண்டு மூன்று வழி கொடுக்க வேண்டும்: இதைச் செய்தால் அந்தத் தாளுக்குப் போ, அதைச் செய்தால் இந்தத் தாளுக்குப் போ. தாளுக்குத் தாள் கம்பளி நூல் கட்டித் தரையில் பரப்பினோம். அறையில் கால் வைக்க இடமில்லை.

பிறகுதான் கம்ப்யூட்டர். ட்வைன் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கிறிஸ் கிளிமஸ் என்பவர் 2009-ல் உருவாக்கியது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதுவும் பெட்டியும் கோடும்தான், எங்கள் நாள்காட்டித் தாள் மாதிரியே. இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு சொல்லைப் போட்டால் அந்தச் சொல்லிலிருந்து புதுப் பெட்டி ஒன்று முளைக்கும். கோடிங் தெரிய வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். முடித்தால் ஒரே ஒரு கோப்பு. இணையம் இல்லாவிட்டாலும் சாதாரண போன் பிரௌசரில் திறந்து விளையாடலாம். என்னிடம் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்களிலேயே ஓடியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கதையில் விளையாடுபவர்தான் அரிவாள் வைத்திருப்பவன். கதை முழுக்க "நீ". "நீ போனை எடுக்கிறாய்", "நீ கமெண்டைப் படிக்கிறாய்". பையன்கள் ரொம்ப உற்சாகமாக எழுதினார்கள். மாஸ் டயலாக், ஸ்லோ மோஷன், எல்லாம் இருந்தது. முப்பது பெட்டி ஆனது. விளையாடிப் பார்த்தால் எந்த வழியில் போனாலும் ஒரே இடத்தில்தான் முடிந்தது. பாகலூர் சாலையில் ஒருவன் விழுந்து கிடக்கிறான். மூன்று பேர் திரும்பத் திரும்ப மாற்றி எழுதியும் அங்கேயேதான் போய் நின்றது. "அவன் அவ்ளோ கோவத்துல இருக்கான் மிஸ், வேற என்ன பண்ணுவான்?" என்றார்கள். நியாயமான கேள்வி.

அதுவரை அதிகம் பேசாத ஒரு பெண் அப்போது கேட்டாள்: "நாம ஏன் அவனா இருக்கணும்? அவன்கூடப் போறவங்களா இருந்தா?"

அந்தப் பதினான்கு பேருக்கும் வண்டி ஓட்டிய பையனைத் தெரியும். ஆனால் அவனைப் பற்றி நான் வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பெண்ணாகத்தான் கேட்டாள். கதை அங்கே திரும்பியது. இப்போது விளையாடுபவர் வண்டி ஓட்டுபவன். போன் வருகிறது. "எங்கடா இருக்க? வண்டி எடுத்துட்டு வா." முதல் பெட்டி அவ்வளவுதான். அங்கிருந்து ஒன்பது வழி கண்டுபிடித்தார்கள். பெட்ரோல் இல்லை என்று சொல்வது, அம்மாவைக் கொண்டு விட வேண்டும் என்று சொல்வது, "எதுக்கு?" என்று கேட்பது, போய், அவனை வண்டியில் ஏற்றி டீக்கடைக்கு ஓட்டிச் செல்வது, சாவியை மறந்ததாக நடிப்பது, அவன் அக்காவுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுவது. எல்லாம் நிஜத்தில் நடக்கக் கூடியவை. எதிலும் வீரம் கிடையாது. நம் பிள்ளைகளுக்கு இத்தனை வழி தெரிந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லாததால் வெளியே வரவில்லை.

நம் மாவட்டத்தில் பாரதக் கூத்து பார்க்காதவர் குறைவு. துகிலுரிதல் காட்சியில் சபையே வாய் மூடி உட்கார்ந்திருக்கிறது. பீஷ்மர், துரோணர் எல்லோரும் இருக்கிறார்கள். துரியோதனனின் சொந்தத் தம்பிகளில் விகர்ணன் ஒருவன்தான் எழுந்து இது தர்மம் இல்லை என்கிறான். கெலமங்கலம் பக்கத்துத் தாத்தா ஒருவரின் பேரன் இந்தக் கதையை வகுப்பில் சொன்னான். அன்று முதல் எங்கள் கதையில் அந்த ஒன்பது வழிக்கும் "விகர்ணன் பட்டன்" என்று பெயர். விகர்ணன் பேசியும் சபை கேட்கவில்லை என்பதையும் அவனே சொன்னான். அதனால் எங்கள் கதையிலும் சில விகர்ணன் பட்டன்கள் வேலை செய்யாது. "பயந்தாங்கொள்ளி" என்று திட்டிவிட்டு நண்பன் வேறு வண்டியில் போய்விடுவான். எதை அழுத்தினாலும் ஜெயம் என்று எழுதினால் பிள்ளைகளே அதை நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று செய்தார்கள். அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. கதைக்குள் "சூடு" என்று ஒரு கணக்கு வைத்தார்கள். கமெண்டை இரண்டாவது முறை படித்தால் சூடு ஒன்று கூடும். குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போட்டால் இரண்டு கூடும். யாராவது சிரிக்கும் எமோஜி போட்டால் இன்னும் ஒன்று. சூடு ஐந்தைத் தாண்டியதும், "பேசிப் பார்" என்ற வழி திரையிலிருந்து காணாமல் போய்விடும். விளையாடுபவருக்கு அது இருந்ததே தெரியாது. முதல் முறை ஆடியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் முறை சூட்டைக் குறைத்து ஆடியபோதுதான், "ஏய், இது முன்னாடி இல்லையே!" என்று கத்தினார்கள். நான் திரும்பி நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். "நிறுத்தலாம்னு தோணவே இல்ல மிஸ்" என்று அவன் சொன்னதைப் பிள்ளைகள் அப்படியே ஒரு கணக்காகச் செய்து வைத்திருந்தார்கள்.

கயிறு வரும் பெட்டியும் உண்டு. எதிராளி கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தை அவர்கள் எழுதவில்லை, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். யார் விளையாடினாலும் தங்களுக்குத் தோன்றும் நிறத்தை மனதில் நிரப்பிக்கொள்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரை அவர் பள்ளியிலேயே படித்த பையன்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டிருக்கிறது. அது சரியான பரிந்துரை. ஆனால் கையிலிருந்து அவிழ்த்த கயிற்றை மனதிலிருந்தும் அவிழ்க்க யாராவது உதவ வேண்டாமா? 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியும் பக்கத்துக் குடியிருப்புகளும் எரிக்கப்பட்டதை நம் தலைமுறை பார்த்திருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகள் அப்போது விவரம் தெரியாத சின்னக் குழந்தைகள். யார் அதை அவர்களுக்கு எப்படிச் சொல்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா?

கதை சம்பவத்தோடு முடியக் கூடாது என்று மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். அடுத்து என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. "போலீஸ் பிடிக்கும், ஜாமீன்ல வருவான்" என்பதோடு நின்றுவிட்டார்கள். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனரில் கூலிங் கிளாஸ் போட்டு நிற்கும் படத்தைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இந்த மண்ணில் எங்கே பார்த்தாலும் நடுகல். சண்டையில் செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிட்ட ஊர் நம்முடையது. அந்தப் பழக்கம்தான் இன்று பிளெக்ஸாக நிற்கிறதோ என்று எனக்குத் தோன்றும். கல்லிலும் சரி, பிளெக்ஸிலும் சரி, செத்தவனின் அம்மா இல்லை.

அதனால் தெரிந்த வக்கீல் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் பயமுறுத்தவில்லை, நடப்பதைச் சொன்னார். வெட்டியது ஒருவன் என்றாலும், அந்த எண்ணத்தில் சேர்ந்து போனவர்கள் மீதும் அதே குற்றம் வரலாம். பழைய சட்டத்தில் 34-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 3(5). உயிர் போய்விட்டால், பதினாறு வயது முடிந்த பையனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் ஆராய்ந்து முடிவெடுக்கும். 2015 சிறார் நீதிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. "வண்டி மட்டும் ஓட்டினவனுக்குமா சார்?" என்று மூன்று பேர் ஒரே குரலில் கேட்டார்கள். அன்று சாயங்காலம் சம்பவத்துக்குப் பின்னால் பதினோரு பெட்டி சேர்ந்தது. வாய்தா, அம்மா கம்மலை அடகு வைப்பது, தங்கைக்குப் பேசி வைத்த வரன் நின்றுபோவது, வெட்டுப்பட்டவன் இடது கையால் எழுதிப் பழகுவது. இந்தக் கடைசிப் பெட்டியை எழுதியவன் முதல் கதையில் மாஸ் டயலாக் எழுதியவன்.

வதந்திக்கும் ஒரு கிளை போட்டோம். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை வெடித்தபோது ஜூஜூவாடியோடு பஸ் நின்றுவிட, ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளிக்கு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பெங்களூரில் ஒரு இளைஞரை அடிக்கும் வீடியோ போன் போனாகப் பரவி அந்தத் தீயில் எண்ணெய் ஊற்றியது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த வயதான அம்மாவைப் பிள்ளை பிடிப்பவர் என்று கூட்டம் அடித்தே கொன்றது. 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் சுற்றின. நம் சிப்காட் பக்கம் எத்தனை குடும்பம் பயந்து போனது! எங்கள் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் மகன் ஒருவன் இருக்கிறான். அந்தக் கிளையை எழுதியது அவன்தான். அதில் விளையாடுபவர் ஒரு குரூப் அட்மின். வீடியோ வருகிறது. அனுப்பலாமா, வேண்டாமா? அனுப்பினால் அடுத்த பெட்டியில் அவனுடைய அம்மா கதவைத் தாழ் போட்டுக்கொண்டு விளக்கை அணைக்கிறாள். அவ்வளவுதான் அந்தப் பெட்டியில் இருப்பது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் இதே போக்கில் ஒரு விளையாட்டு செய்தார்கள். ஆடுபவரே பொய்ச் செய்தி பரப்புபவராக நடித்து அதன் தந்திரங்களைத் தெரிந்துகொள்வார். ஆடி முடித்தவர்கள் பொய்ச் செய்தியை முன்பைவிடக் குறைவாக நம்பினார்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

பார்வையாளரைக் கதைக்குள் இழுப்பதும் புதிதல்ல. பிரேசிலில் அகஸ்தோ போவால் என்ற நாடகக்காரர் நாடகத்தைப் பாதியில் நிறுத்தி, பார்த்துக்கொண்டிருப்பவரை மேடைக்கு அழைத்து, "நீ இவன் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய், செய்து காட்டு" என்பார். அவர் 1993 முதல் 1996 வரை ரியோ நகர மன்ற உறுப்பினராகவும் இருந்தார். குடியிருப்புகளில் நாடகம் போட்டு, ஜனங்கள் மேடையில் காட்டிய வழிகளை நகரச் சட்டங்களாகக் கொண்டு வந்தார். ஒரு நகர மன்றம் கதையை இப்படிக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறது. 45 வார்டு உறுப்பினர்கள் இருக்கும் நம் மன்றமும் கேட்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கதை செய்தால் வெட்டுக்குத்து நின்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பதினான்கு பிள்ளைகளை வைத்து அப்படிச் சொன்னால் அது பொய். வேலையில்லாத அண்ணன், குடிக்கும் அப்பா, கடன், பதினைந்து வயதுப் பையனைக் கூலிக்குக் கூப்பிடும் பெரிய ஆட்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவை உங்கள் துறைகளின் வேலை, அதை நீங்கள் செய்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தை என் கண்ணால் பார்த்தேன். சில வாரங்களுக்கு முன் என் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அதே மாதிரி ஒரு போன் வந்தது. "எதுக்குடா?" என்று கேட்டான். பிறகு, "நான் வர்ல. நீயும் இங்க வா, டீ சாப்பிடலாம்" என்றான். அந்த நண்பன் வந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது. பேசாமல் டீயைக் குடித்துவிட்டுப் போனான். அன்று எதுவும் நடக்கவில்லை. நடந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி நான் கேட்பவை.

ஓசூரில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிகளின் ஹைடெக் லேப்களில் ஒன்றிரண்டையாவது வாரம் இரண்டு நாள் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழரை வரை திறந்து விடுங்கள். போன வருடம் ஒரு பள்ளியில் இதைக் கேட்டுப் போனேன். பரீட்சை முடியட்டும் என்றார்கள். பரீட்சை முடிந்ததும் லீவு என்றார்கள். லீவு முடிந்ததும் சாவி வைத்திருப்பவர் மாற்றலாகிவிட்டார். யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை. மேலிருந்து ஒரு உத்தரவு இல்லாமல் ஒரு ஆசிரியர் சாயங்காலம் லேப்பைத் திறந்து வைத்துவிட்டு, ஏதாவது காணாமல் போனால் எப்படிப் பதில் சொல்வார்? அந்த உத்தரவை நீங்கள்தான் போட முடியும்.

இதை நடத்துபவருக்குச் சம்பளம் கொடுங்கள். தன்னார்வலர், சேவை மனப்பான்மை என்ற வார்த்தைகளால் மூன்று மாதம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். பிள்ளைகளுக்கு நம்பிக்கை வருவதற்கே மூன்று மாதம் ஆகிறது. அந்தந்த வார்டிலேயே வளர்ந்த, டிகிரி முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பெண்களும் பையன்களும் நிறைய இருக்கிறார்கள். மென்பொருள் இலவசம், கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருக்கிறது. செலவு இந்தச் சம்பளம்தான்.

தயவுசெய்து இதைப் போட்டி ஆக்கிவிடாதீர்கள். விழிப்புணர்வுக் குறும்படப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். எல்லாப் படத்திலும் கடைசியில் ஒரு அதிகாரி வந்து அறிவுரை சொல்வார், கெட்ட பையன் அழுவான். ஏனென்றால் அதற்குத்தான் பரிசு கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். பரிசு, மேடை, பொன்னாடை எதுவும் வேண்டாம். பிள்ளைகளின் போட்டோ பத்திரிகையில் வர வேண்டாம், கதையில் பெயர் வேண்டாம்.

காவல் துறையிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். இந்த அறைக்குள் எழுதும் கதை கதைதான். "இதை எழுதினவன் யார், இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று யாராவது ஒருமுறை விசாரித்துவிட்டால் போதும், அதோடு எல்லாம் முடிந்தது. அதே சமயம், ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே ஆபத்து என்று தெரிந்தால் நாங்கள் மறைக்க மாட்டோம். குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டப்படி சொல்லியே ஆக வேண்டும். இந்த எல்லையை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும், நாங்கள் சொன்னோம். பெண் பிள்ளைகள் எழுதிய ஷிப்டு பஸ் கதையைப் பற்றி இங்கே எழுதாததற்கும் இதுவே காரணம். அது அவர்கள் சொல்ல வேண்டியது. அதற்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் மாதம் இரண்டு முறையாவது வந்து உட்கார வேண்டும். என்னால் முடியாத இடம் அது.

மாநகராட்சியிடம் கடைசியாக ஒன்று: தமிழோடு நிறுத்திவிட வேண்டாம். தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி பேசும் பிள்ளைகளும் அவரவர் மொழியில் எழுதட்டும். ஒரே சண்டையை இரண்டு மொழியில் இரண்டு பக்கத்திலிருந்து எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

வண்டி ஓட்டிய பையன் போன மாதம் வகுப்புக்கு வந்திருந்தான். நான் கூப்பிடவில்லை. பிள்ளைகள் செய்த கதையை ஆடிப் பார்த்தான். மூன்று முறை ஆடினான், யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு பெட்டியைக் காட்டி, "இதுல ஒண்ணு தப்பா இருக்கு மிஸ்" என்றான். ராயக்கோட்டை மேம்பாலத்துக்கு முன்னால் சிக்னல் விழும். அங்கே வண்டி எப்படியும் நிற்கும். அப்போது காலை ஊன்றிக்கொண்டு பின்னால் திரும்பி ஒரு வார்த்தை பேசலாம். அந்த நிமிடம் கதையில் இல்லை என்றான். உட்கார்ந்து அவனே அந்தப் பெட்டியை எழுதினான். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு நடக்கும். உங்களில் யார் வேண்டுமானாலும் வரலாம். புகைப்படக்காரர் இல்லாமல் வாருங்கள், காவல் துறையினர் சீருடை இல்லாமல் வாருங்கள். நாற்காலி நான்குதான் இருக்கிறது, பாயில் உட்கார வேண்டியிருக்கும். ஒரு கம்ப்யூட்டரை உங்களுக்காகத் திறந்து வைத்திருப்போம். கதையைத் தொடங்கியதும் முதல் பெட்டியில் உங்களுக்கு ஒரு போன் வரும்.

இப்படிக்கு,
ஓசூரில் கணினி சொல்லிக் கொடுக்கும் ஓர் ஆசிரியை